டெர்மினேட்டர் திரும்பி வரலாமா? ரசிகர்கள் ஏன் ஒத்துப்போவதே இல்லை?

கேள்வி: டெர்மினேட்டர் தொடரை மறுபடி ஆரம்பிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ரசிகர்களில் பாதிப் பேர் துள்ளுகிறார்கள், மீதிப் பேர் திட்டுகிறார்கள். ஒரே படத்தை நேசிக்கிறவர்களுக்குள் ஏன் இவ்வளவு சண்டை? இந்தத் தொடருக்கு இன்னொரு உயிர் தேவைதானா?

"ஒரே படத்தை" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சிக்கலே அங்கேதான். அவர்கள் நேசிப்பது ஒரே படத்தை இல்லை. ஒரு சாராருக்கு டெர்மினேட்டர் என்றால் நிற்காமல் துரத்தி வரும் ஓர் இயந்திரத்தின் கதை. இன்னொரு சாராருக்கு அது ஒரு தாயும் மகனும் பட்ட பாட்டின் கதை. இயந்திரத்தின் கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். தாய் மகன் கதை 1991லேயே முடிந்துவிட்டது. எந்தப் புதுப்படம் வந்தாலும் இந்த இரண்டில் ஒரு கூட்டத்துக்கு அது அநியாயமாகத்தான் படும்.

நானும் நடுநிலையாளன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கு எப்போதோ விட்டுப்போயிற்று. ஆனால் ராத்திரியில் தனியாக இருக்கும்போது நினைவுக்கு வருவது முதல் படம்தான். அதனால் என் தராசு கொஞ்சம் முதல் படத்தின் பக்கம் சாயும்.

அந்த முதல் படம் 1984 அக்டோபரில் வந்தது. செலவு சுமார் 64 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அன்றைக்கே அது சின்னப் பணம். ஜேம்ஸ் கேமரூன் ரோம் நகரில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது கண்ட கனவிலிருந்து பிறந்த கதை: நெருப்புக்குள்ளிருந்து ஓர் உலோக உடல் தன்னை இழுத்துக்கொண்டு ஊர்ந்து வருகிறது. யாரும் பெரிதாக அறியாத அந்த இளைஞர், திரைக்கதை உரிமையைத் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றார். படத்தை நானேதான் இயக்குவேன் என்பது மட்டும் நிபந்தனை. (அந்த ஒரு டாலர் பின்னால் என்ன பாடு படுத்தியது என்பதற்குக் கீழே வருகிறேன்.)

இப்போது அந்தப் படத்தைப் போட்டுப் பாருங்கள். அது சண்டைப் படமே இல்லை, பேய்ப்படம். டெலிபோன் டைரக்டரியைக் கிழித்து, அதில் சாரா கானர் என்ற பெயருள்ள பெண்களை வரிசையாக ஒருவன் கொன்றுகொண்டு போகிறான். சாரா ஹோட்டலில் பரிமாறும் சாதாரணப் பெண். தன்னை ஏன் கொல்ல வருகிறார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. அவளுக்கு இனிமேல் பிறக்கப்போகும் மகன் ஜான், பின்னாளில் இயந்திரங்களோடு நடக்கும் போரில் மனிதர்களுக்குத் தலைவனாவான்; அவன் பிறக்கவே கூடாதென்று ஸ்கைநெட் என்ற கணினி எதிர்காலத்திலிருந்து அனுப்பிய மனித உருவ இயந்திரம்தான் அந்தக் கொலையாளி. போலீஸ் ஸ்டேஷனுக்குள் போனால் தப்பித்துவிடலாம் என்று நாமும் அவளோடு சேர்ந்து நம்புகிறோம். அந்த ஸ்டேஷனே சுடுகாடாகிறது. அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் படம் முழுக்கப் பேசும் வசனம் இருபது வரியைத் தாண்டாது. அவனுக்குக் கோபமில்லை, வன்மமில்லை, களைப்பில்லை. பயமே அங்கேதான் இருக்கிறது.

1991ல் வந்த இரண்டாம் படத்தின் செலவு 10 கோடி டாலர். அதுவரை அவ்வளவு செலவில் யாரும் படமெடுத்ததில்லை. வசூல் 50 கோடிக்கு மேல், நான்கு ஆஸ்கர். பாதரசம்போல உருகி உருமாறும் டி-1000 என்ற வில்லன் இயந்திரம் திரையில் வந்த நாளிலிருந்து கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸின் சரித்திரத்தையே அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துப் பேசுகிறார்கள். ஆனால் படம் நிலைத்து நின்றது அந்த உலோகத்தால் மட்டுமா? கொல்ல வந்த அதே உருவம் இப்போது காக்க வருகிறது. அப்பா இல்லாத பையன் ஓர் இயந்திரத்தில் அப்பாவைக் கண்டுபிடிக்கிறான். முதல் படத்தில் நடுங்கிய சாரா இப்போது தானே ஒரு இயந்திரம்போல இறுகிப்போய், ஒரு விஞ்ஞானியைச் சுடப் போய், அவர் குழந்தையின் முன்னால் முடியாமல் உடைந்து உட்கார்கிறாள். கடைசியில் ஸ்கைநெட்டை உருவாக்கவிருந்த சைபர்டைன் நிறுவனத்தின் கட்டடம் தரைமட்டம், சில்லுகள் உருக்குக் குழம்பில், அவற்றைத் தொடர்ந்து அந்தக் காவலனும். மிச்சம் வைக்காமல் முடித்த கதை அது.

அல்லது, கிட்டத்தட்ட முடித்த கதை. சாரா பாட்டியாகி, பூங்காவில் பேரக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு முடிவையும் கேமரூன் படம்பிடித்திருந்தார். அதை வெட்டிவிட்டு, ராத்திரியில் நீண்டு போகும் ஒரு தார்ச்சாலையை வைத்தார். கலையாக அதுதான் உயர்ந்த முடிவு, எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பூங்கா படத்தில் இருந்திருந்தால் இன்றைய சண்டையில் பாதி நடந்திருக்காது. பேரக்குழந்தையைப் பார்த்தபிறகு போர் வரும் என்று எவனாலும் கதை பண்ண முடியாது. சாலை அப்படியில்லை, அதில் யார் வேண்டுமானாலும் வண்டி ஓட்டலாம். ஓட்டினார்கள்.

இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனால், இரண்டு படமும் காலத்தைப் பற்றியே இரண்டு வேறு கொள்கை வைத்திருப்பது தெரியும். முதல் படத்தில் காலம் ஒரு வட்டம். ஜான் கானர் எதிர்காலத்திலிருந்து தன் படைவீரன் கைல் ரீஸை, சாராவைக் காக்க அனுப்புகிறான். அனுப்பியதால்தான், அந்தக் கைலுக்கு மகனாக ஜானே பிறக்கிறான். கைல் வருஷக்கணக்காக நெஞ்சில் வைத்துக் கும்பிட்ட சாராவின் புகைப்படம் படத்தின் கடைசியில்தான் எடுக்கப்படுகிறது. அந்தப் புகைப்படத்தில் அவள் முகத்திலுள்ள சோகம் கைலை நினைத்து வந்த சோகம். எதையும் மாற்ற முடியாது, எல்லாம் ஏற்கெனவே நடந்துவிட்டது. இரண்டாம் படம் இதை நேர் எதிராகத் திருப்புகிறது: ஸ்கைநெட் 1997 ஆகஸ்ட் 29 என்று தேதி குறித்த அழிவை மனிதர்கள் தடுத்துவிட முடியும். நம்மூர்ச் சொல்லில் சொன்னால், ஒன்று விதிக் கட்சி, மற்றது மதிக் கட்சி.

இணையத்தில் நடக்கும் சண்டையைக் கவனியுங்கள், இந்தப் பிளவுதான் அங்கே வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். விதிக் கட்சிக்காரருக்குப் போர் எப்படியும் வரும், ஆகவே கதை பாக்கியிருக்கிறது. மதிக் கட்சிக்காரரிடம் அடுத்த படம் என்று சொன்னாலே, "அப்போ அவங்க பட்ட பாடெல்லாம் வீணா?" என்று கேட்பார். அவர் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று கேலி செய்வது எளிது. ஆனால் அவர் கேட்பது நியாயமான கேள்வி.

2003ல் வந்த மூன்றாம் படம் விதிக் கட்சி. கேமரூன் இல்லை, இயக்கம் ஜொனாதன் மாஸ்டோ. அர்னால்டுக்கு மட்டும் கிட்டத்தட்ட 3 கோடி டாலர் சம்பளம். நட்சத்திர வடிவக் கண்ணாடி மாதிரியான கேலிக்கூத்துகளை நான் மன்னிக்கவில்லை. இருந்தாலும் அதன் கடைசிப் பத்து நிமிடம் தொடரிலேயே துணிச்சலான முடிவு: தடுக்கத்தான் ஓடுகிறோம் என்று நம்பி ஓடியவர்கள், ஒளிந்து பிழைக்கும் ஒரு பதுங்குகுழிக்குள் வந்து நிற்கிறார்கள். மேலே ஏவுகணைகள் கிளம்பிவிட்டன. அந்த இடத்தில் நிறுத்தி, அடுத்து நேராகப் போருக்குள் போயிருந்தால் தொடரின் தலையெழுத்தே மாறியிருக்கலாம். அர்னால்ட் அதே ஆண்டு இறுதியில் கலிபோர்னியா ஆளுநர் நாற்காலிக்குப் போய்விட்டார்.

2009ல் 'சால்வேஷன்' போருக்குள் போனது. ரசிகர்கள் 25 ஆண்டுகளாகக் காத்திருந்த காட்சி எது தெரியுமா? முதல் படத்தின் முதல் நிமிடம். 2029ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ், இருட்டு, மண்டையோடுகளை நசுக்கிக்கொண்டு போகும் இரும்புச் சங்கிலிச் சக்கரம், ஊதாக் கதிர்கள். வந்தது என்னவென்றால் பகல் வெளிச்சத்தில் பழுப்புப் பாலைவனம். போரைக் காட்டினார்கள், நாங்கள் கேட்ட போரைக் காட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால் பத்து ஆண்டு கழித்து அந்தப் பசியை ஓரளவு தீர்த்தது ஒரு வீடியோ கேம். 2019ல் வந்த 'டெர்மினேட்டர்: ரெசிஸ்டன்ஸ்'. விமர்சகர்கள் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். விளையாடிய ரசிகர்களோ கொண்டாடினார்கள், அந்த இருட்டும் ஊதாக் கதிரும் அதில் அச்சு அசலாக இருந்ததால்.

இடையில் 2008, 2009ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் சாரா கானரை மையமாக வைத்து 31 பகுதிகள் ஓடிய தொடரை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். தாய் மகன் கட்சிக்காரர்களுக்கு என் சிபாரிசு அதுதான். அந்தரத்தில் நின்றுபோன கதை என்று தெரிந்தே பாருங்கள்.

2015ன் 'ஜெனிசிஸ்' பற்றி நிறையச் சொல்ல எனக்கு மனமில்லை. ஜான் கானரே இயந்திரமாகிவிட்டான் என்ற ஒரே திருப்பத்தையும் டிரெய்லரிலேயே போட்டு உடைத்தார்கள். அமெரிக்காவில் 9 கோடி டாலரைத் தொடவில்லை, சீனா மட்டும் 11 கோடிக்கு மேல் கொடுத்துக் காப்பாற்றியது.

'டார்க் ஃபேட்' விஷயம் வேறு, அங்கேதான் ரசிகர் கூட்டம் நிஜமாகவே உடைந்தது. 2019. கேமரூன் தயாரிப்பாளராகத் திரும்பி வந்தார், லிண்டா ஹாமில்டன் 28 ஆண்டுக்குப் பிறகு பெரிய திரையில் சாராவாக வந்தார். இதைவிட என்ன வேண்டும் என்று போய் உட்கார்ந்தவர்களுக்கு, படம் தொடங்கிய சில நிமிடத்திலேயே சிறுவன் ஜான் கானரைச் சுட்டுக் கொன்று காட்டினார்கள். தியேட்டரில் என் பக்கத்து இருக்கைக்காரர், "இதுக்கா வந்தோம்?" என்று சத்தமாகவே கேட்டார்.

அந்தச் சாவை ஆதரிக்கிறவர்களின் வாதமும் எனக்குத் தெரியும். ஜானை வைத்துக்கொண்டே இருந்தால் கதை நகராது, இழப்பு இருந்தால்தான் சாராவின் கோபத்துக்குப் பொருள் வரும் என்பார்கள். ஹாமில்டன் அதை அற்புதமாக நடித்தும் இருக்கிறார், மறுக்க மாட்டேன். ஆனால் எனக்குக் குறை சாவில் இல்லை, அதற்குப் பிறகு நடந்ததில். பழசை அறுத்தெறிந்துவிட்டு என்ன புதுசு கொடுத்தார்கள்? ஸ்கைநெட்டுக்குப் பதில் லீஜியன் என்ற பெயர். ஜானுக்குப் பதில் டானி என்ற பெண். எதிர்காலத்திலிருந்து ஒரு கொலையாளி, ஒரு காவலாள், ஒரு துரத்தல். அதே குழம்பு, வேறு கிண்ணம். மகனைக் கொன்றதால் தாய் மகன் கட்சி போயிற்று; கதை பழையதாகவே இருந்ததால் இயந்திரக் கட்சியும் போயிற்று. 18 கோடிக்கு மேல் செலவழித்த படம் உலகம் முழுக்க 26 கோடி டாலர்தான் எடுத்தது. விளம்பரச் செலவையும் தியேட்டர்காரர் பங்கையும் கழித்தால் பெரும் நஷ்டம். அர்னால்டும் வேண்டும், லிண்டாவும் வேண்டும் என்று தான் நின்றதால் இளைஞர்களுக்கு அது தாத்தா காலத்துப் படமாகத் தெரிந்துவிட்டது என்ற பொருளில் கேமரூனே பின்னால் பேசினார். இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் தயாரிப்பாளர் அபூர்வம்.

இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். 'சால்வேஷன்', 'ஜெனிசிஸ்', 'டார்க் ஃபேட்' மூன்றுமே மூன்று படத் திட்டத்தின் முதல் படமாக அறிவிக்கப்பட்டவை. மூன்றுமே முதல் படத்தோடு நின்றுபோயின. கடைசி இரண்டு தடவையும் நடுவில் வந்ததை மறந்துவிடுங்கள், இதுதான் அசல் தொடர்ச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். புலி வருது, புலி வருது என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவனிடம் போய், ஏனப்பா உனக்கு ஆர்வமே இல்லை என்று கேட்கலாமா? புதுப்படச் செய்தி வந்தவுடன் முகம் சுளிப்பவர்களில் பெரும்பாலோர் படத்தை வெறுப்பவர்கள் அல்ல, மூன்று முறை ஏமாந்தவர்கள்.

ஏன் இப்படித் திரும்பத் திரும்ப அழித்து எழுதினார்கள்? இங்கேதான் அந்த ஒரு டாலர் வருகிறது. கதையின் உரிமை கேமரூன் கையில் இல்லாததால் அது சொத்துபோலக் கைமாறிக்கொண்டே இருந்தது. இரண்டாம் படத்தை எடுத்த கரோல்கோ நிறுவனம் 1995ல் திவாலானது. அதன் பழைய முதலாளிகளான மாரியோ கசாரும் ஆண்ட்ரூ வாய்னாவும் உரிமையை வாங்கி மூன்றாம் படம் எடுத்தார்கள். பிறகு ஹால்சியான் என்ற நிறுவனம் வாங்கி 'சால்வேஷன்' எடுத்து அதுவும் திவால். 2010ல் பசிஃபிகார் என்ற முதலீட்டு நிறுவனம் ஏலத்தில் சுமார் 3 கோடி டாலருக்கு எடுத்தது. அடுத்த ஆண்டே தயாரிப்பாளர் மேகன் எலிசன் கைக்குப் போனது. ஒரு பெயருக்காகவே கோடிக்கணக்கில் கொட்டியவர் அந்தப் பெயரை விட்டுவிட்டு யோசிப்பாரா? கானர் வேண்டும், ஸ்கைநெட் வேண்டும், அர்னால்ட் வேண்டும், அவர் பழைய வசனத்தை இன்னொரு தடவை சொல்லவும் வேண்டும். படைப்பாளியின் ஆசையைவிட பத்திரத்தின் கட்டாயம்தான் அந்தத் திரைக்கதைகளை எழுதியது.

சமீப ஆண்டுகளில் 80களின் படங்கள் வரிசையாக உயிர்த்தெழுவதற்குப் பின்னாலும் ஒரு சட்டக் கடிகாரம் ஓடுகிறது. 1978 முதல் எழுத்தாளர்கள் எழுதிக்கொடுத்த உரிமையை, 35 ஆண்டு கழித்து, முறைப்படி முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து அவர்கள் திரும்பப் பெற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அமெரிக்காவுக்குள் மட்டும்தான் செல்லும், ஆனாலும் அது போதும். 'பிரெடேட்டர்' கதையை எழுதிய ஜிம், ஜான் தாமஸ் சகோதரர்கள் இந்த உரிமைக்காக 2021ல் டிஸ்னியோடு வழக்காடி, அடுத்த ஆண்டு சமரசமானார்கள். 1984ல் பிறந்த டெர்மினேட்டருக்கும் அந்த 35 ஆண்டு முடிந்துவிட்டது.

பிரெடேட்டரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: அவர்களால் முடிந்தது இவர்களால் ஏன் முடியவில்லை? 2022ல் 'ப்ரே' என்று ஒரு படம். 1719ஆம் ஆண்டு, கமாஞ்சி இனத்து இளம்பெண் ஒருத்தி, பெரிய நட்சத்திரம் யாருமில்லை. முந்தைய படம் எதையும் பார்த்திராதவனும் உட்கார்ந்து ரசிக்கலாம். 2024ன் 'ஏலியன்: ராமுலஸ்' 8 கோடியில் எடுத்து 35 கோடி ஈட்டியது, அதிலும், 2020ல் இறந்துபோன நடிகர் இயன் ஹோமின் முகத்தைக் கணினியால் ஒட்டிய இடத்தில் மட்டும் ரசிகர்கள் கொதித்தார்கள், நியாயமாகவே. இந்த இரண்டு தொடரிலும் நிலையான நாயகன் மனிதரை வேட்டையாடும் அந்த வேற்றுலக உயிரினம். அதற்குக் குடும்பம் இல்லை, வம்சாவளி இல்லை, எந்த நூற்றாண்டில் வேண்டுமானாலும் இறக்கலாம். டெர்மினேட்டரோ ஒரே வீட்டு வாசலில் கட்டிப்போடப்பட்ட நாய்.

கட்டை அவிழ்த்தும் பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் வாதம் ஒருதலையாகிவிடும். 2024ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'டெர்மினேட்டர் ஜீரோ' எட்டுப் பகுதி அனிமே. டோக்கியோவில் நடக்கும் கதை, கானர் குடும்பம் இல்லை. வெளியான தேதிகூட ஆகஸ்ட் 29. எனக்குப் பிடித்திருந்தது, விமர்சனங்களும் நன்றாகவே இருந்தன. பார்த்தவர்கள் போதவில்லை என்று ஒரே சீசனோடு நிறுத்திவிட்டார்கள். கானர் இல்லாமல் நல்ல கதை வரும் என்பதற்கு அது சாட்சி, கூட்டம் வரும் என்பதற்கு இல்லை.

ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் பதில்: இன்னொரு உயிர் கொடுக்கலாம், ஆனால் இரண்டாம் படத்துக்கு அல்ல, முதல் படத்துக்கு. 18 கோடியில் வேண்டாம், அதில் கால்வாசி போதும். அர்னால்ட் 2023லேயே தன் பங்கு முடிந்தது என்று சொல்லிவிட்டார், அவரை நிம்மதியாக விடுங்கள். அவர் முகத்தைக் கணினியில் செய்து இன்னொரு உடம்பில் ஒட்டும் வேலையும் வேண்டாம்; 'சால்வேஷன்' அதைச் செய்துவிட்டது. சாராவும் ஜானும் தங்கள் கதையோடு தூங்கட்டும். கேமரூனும், நாற்பது ஆண்டுச் சுமையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடிப்படையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசியிருக்கிறார். அதிகாரமில்லாத, யாரும் நம்பாத ஒரு சாதாரண மனிதர், அவரைத் துரத்தும் ஓர் இயந்திரம். அவ்வளவுதான் அடிப்படை. புதுக் கதையை எழுத உட்கார்ந்தால், எழுதி முடிப்பதற்குள் நிஜ உலகம் அதைத் தாண்டிப் போய்விடுகிறது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். 2029 வேறு வாசலுக்கு வந்துவிட்டது.

அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் விடையும் அவர் எடுத்த முதல் படத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். துப்பாக்கிச் சத்தமெல்லாம் கொஞ்சம் ஓய்ந்த நேரம். மோட்டலில் ஒளிந்திருக்கும் சாரா, யாரிடமும் சொல்லக் கூடாது என்று கைல் எச்சரித்தும் மனசு கேட்காமல் அம்மாவுக்குப் போன் போடுகிறாள். அம்மா அன்பாக விசாரிக்கிறாள், எங்கே இருக்கிறாய் கண்ணே என்று கேட்கிறாள், எண்ணை வாங்கிக்கொள்கிறாள். கேமரா மெல்ல நகர்கிறது. அந்த முனையில் ரிசீவரைப் பிடித்து அம்மாவின் குரலில் பேசிக்கொண்டிருப்பது அர்னால்ட். 1984ல் அது கற்பனை. இன்றைக்கு அந்த வேலையைச் செய்ய எதிர்காலத்திலிருந்து ஒருவனும் வர வேண்டியதில்லை, சில விநாடி ஒலிப்பதிவு போதும். அந்த ஒரு காட்சியிலிருந்து ஒரு முழுப் படத்தை எடுக்கத் தெரிந்தவர் யாராவது வந்தால், முதல் நாள் முதல் காட்சிக்கு நான் டிக்கெட் எடுப்பேன். முதல் படத்தைப் பார்க்கும்போது, பூட்டிய கதவை எழுந்துபோய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தது எனக்கு அந்த இடத்தில்தான்.